எரிய முன்னம் பிடிப்பது

எங்கள் ஊர் வெப்ப நிலையத்தின் நிர்வாகசபைக்குள் என்னைக் கொண்டுபோய் விட்டது ஒரு திகதி.

ஊர் என்றால் டென்மார்க்கில் ஹேர்னிங் நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு தேவாலயமும் ஒரு பாடசாலையும் ஒரு புகைபோக்கியும் உள்ள இடம். அந்தப் புகைபோக்கிக்குக் கீழே இயற்கை வாயுவை எரித்து மின்சாரம் எடுக்கிறார்கள். எஞ்சும் சூட்டில் தண்ணீரைக் காய்ச்சி, நிலத்தடிக் குழாய்களால் வீடு வீடாக அனுப்புகிறார்கள். நிலையம் ஊராருக்கே சொந்தம். வீட்டுக்கு ஒரு வாக்கு. வருஷத்தில் ஒருமுறை பொதுக்கூட்டம்; அதில் கணக்கறிக்கை, கோப்பி, கேக். பலர் வருவது கடைசி இரண்டுக்காக.

பல வருஷங்களுக்கு முன் அப்படியான ஒரு கூட்டத்தில், பழைய கொதிகலனை மாற்றிய வருஷத்தைத் தலைவர் பிழையாகச் சொன்னார். நான் கையை உயர்த்தி, அது அதற்கு முந்திய வருஷம், ஐப்பசி மாதம், எங்கள் வாசலில் குழாய்க்காக வெட்டிய கிடங்குக்கு மேலால்தான் மகளைப் பிள்ளைவண்டியோடு தூக்கிக்கொண்டு போனோம் என்றேன். தலைவர் கடதாசிகளைப் புரட்டினார். நான் சொன்னதுதான் சரி. அடுத்த விடயம், நிர்வாகசபையில் ஒரு வெற்றிடம். டென்மார்க்கில் சங்கங்களுக்கு எப்படி ஆள் தெரிகிறார்கள் என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: வெற்றிடம் என்ற சொல் காதில் விழுந்ததும் எல்லோரும் தங்கள் சப்பாத்தைப் பார்ப்பார்கள். யார் பார்க்கப் பிந்துகிறாரோ அவர் ஏகமனதாகத் தெரிவு செய்யப்படுவார். நான் அப்போதும் தலைவரின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எனக்குத் திகதிகளில் ஒரு பிடிப்பு உண்டு. நிறைய வாசிக்கிறவன், ஆனால் எந்த அரசன் எந்த வருஷம் செத்தான் என்று சொல்கிற புத்தகங்கள் அந்த வருஷம் குளிர் எந்த மாதம் தொடங்கியது என்று சொல்வதில்லை. அந்தக் குறையை என்னளவில் நிரப்பி வருகிறேன். இந்தக் கதையில் வருஷத்தைப் போடாமல் விடுவது வேண்டுமென்றேதான். போட்டால் ஆட்கள் யாரென்று தெரிந்துவிடும். மாதங்களும் கிழமைகளும் சரியானவை.

மாசி மாதத்தில், உறைந்த ஒரு திங்கட்கிழமை, ஒரு கம்பனியின் ஆட்கள் நிர்வாகசபையைச் சந்திக்க வந்தார்கள். எங்கள் நிலையத்தில் ஒரு பரிசோதனை இயந்திரத்தைப் பூட்ட விரும்பினார்கள். வாயுவை எரித்த பிறகு புகைபோக்கியில் வைத்து, பூமியைச் சூடாக்கும் காபனீரொட்சைட்டைப் பிடிப்பது பழைய யோசனை. இவர்களுடையது, எரிக்க முன்னமே பிடிப்பது. இயற்கை வாயுவோடு நீராவியைச் சேர்த்து மிகுந்த சூட்டில் ஒரு கலத்துக்குள் விட்டால் ஐதரசனும் காபனோரொட்சைட்டும் வரும். அதை இன்னொருதரம் நீராவியோடு சேர்த்தால் காபனோரொட்சைட்டு காபனீரொட்சைட்டாக மாறி, மேலும் கொஞ்சம் ஐதரசனும் கிடைக்கும். காபனீரொட்சைட்டை ஒரு திரவம் உறிஞ்சிக்கொள்ளும். பிறகு அதைப் பிரித்துத் தாங்கியில் அடைத்துவிடலாம். மிச்சம் ஐதரசன். அதை எரித்தால் புகைபோக்கியால் போவது நீராவி.

இதையெல்லாம் ஆங்கிலத்தில், படம் போட்டு விளக்கியவர் ஓர் இளம் பொறியியலாளர். கறுத்து மெலிந்த ஆள். எங்கள் தலைவர் பன்றிப் பண்ணை வைத்திருந்து ஓய்வு பெற்றவர். ஒரு விடயம் மட்டும் கேட்டார்.

"தாங்கியில் அடைத்ததை என்ன செய்வீர்கள்?"

"கப்பலில் கொண்டுபோய் வடகடலுக்கு அடியில், வாயு எடுத்து முடிந்த இடத்தில் இறக்குவோம்."

"அங்கேயிருந்துதானே எடுத்தோம்?"

"ஆம்."

"என் அம்மாவும் அதைத்தான் சொல்வாள்," என்றார் தலைவர். "எடுத்த சாமானை எடுத்த இடத்தில் வை என்று. நாங்கள்தான் கேட்கவில்லை."

கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது, வாகனத் தரிப்பிடத்தில் அந்தப் பொறியியலாளர் என் கார்க் கதவுக்குப் பக்கத்தில் நின்றார். மூக்கு நுனி சிவந்திருந்தது.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க தமிழுங்களா?"

"ஓம்."

"கடவுளே. உள்ள ரெண்டு மணி நேரமா இங்கிலீஷ்ல கொன்னுட்டிருந்தேனே. முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதுங்களா?"

"என்னைத் தவிர மற்ற ஆக்களுக்கும் விளங்கவேணுமே தம்பி."

"அவங்களுக்கு விளங்குச்சுங்களா?"

தலைவரின் அம்மாவரைக்கும் விளங்கியிருக்கிறது என்றேன். அவர் சிரிக்கவில்லை. அவர் ஏன் சிரிக்கவில்லை என்பது எனக்கு ஆனி மாதத்தில்தான் தெரிந்தது.

ஆனியில் இங்கே பொழுதுபடுவதற்கு மனமில்லாமல் வெளிச்சம் முற்றத்திலேயே நிற்கும். ஒரு சனிக்கிழமை அவரையும் மனைவியையும் மகளையும் சாப்பிடக் கூப்பிட்டிருந்தோம். என் மனைவி மீன் பொரிப்பது கராஜுக்குள். இந்த நாட்டில் எங்கள் ஆட்கள் அநேகருக்கு இரண்டு சமையலறை: வந்தவர்களுக்குக் காட்டுவதற்கு வீட்டுக்குள் ஒன்று, சமைப்பதற்குக் கராஜுக்குள் ஒன்று. வீட்டிலுள்ள கோட்டுகளையெல்லாம் படுக்கையறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திய பிறகுதான் எண்ணெய் கொதிக்கும். பொறியியலாளரின் மனைவி மீன் சாப்பிடாதவர். அவருக்கு வேறு சட்டியில் கத்தரிக்காய் பொரித்து முன்னமே எடுத்து வைத்தாயிற்று. அவர் மகளோடு புல்லில் இருந்தார். பொறியியலாளர் கராஜ் வாசலில் பொரியல் கோப்பையோடு நின்று, என் மனைவி கேட்டதற்காகத் தன் வேலையை விளக்கினார்.

"இப்போ நீங்க மீன் பொரிக்கறீங்க ஆன்ட்டி. வாசம் ஊரெல்லாம் போகுது. அடுப்புக்கு மேல ஒரு ஃபேன் வெச்சு அந்த வாசத்தைப் பிடிக்கறது ஒரு வழி. மத்தவங்க அதைத்தான் பண்றாங்க. நாங்க என்ன பண்றோம்னா, பொரிக்கறதுக்கு முன்னாடியே மீன்ல இருந்து வாசத்தைத் தனியா எடுத்துடறோம்."

"வாசத்தை எடுத்த மீனை என்னத்துக்குத் தம்பி பொரிக்கிறது?"

"சூட்டுக்குங்க. எங்களுக்கு வேண்டியது சூடு மட்டும்தான்."

"அப்ப அதுக்கு மீனே தேவையில்லையே."

அவர் கோப்பையிலிருந்த பொரியலைத் திருப்பிப் பார்த்தார்.

"அது அடுத்த ப்ராஜெக்ட், ஆன்ட்டி," என்றார்.

இதைப்பற்றி நான் பிறகு வாசித்த தடித்த அறிக்கைகளில் இந்த உரையாடலைத் தாண்டி அதிகம் இருக்கவில்லை.

சாப்பிட்டு முடிந்து தேத்தண்ணி ஊற்றும்போதுதான் விடயம் வெளியே வந்தது. கம்பனி வேறு ஊர்களிலும் கேட்டிருந்தது. எல்லோரும் மறுத்துவிட்டார்கள். வாயு நிலையங்களையே மூடிவிட்டுக் காற்றிலிருந்து சூடெடுக்கும் பம்புகளைப் போடுகிற காலத்தில், சாகப்போகிற கிழவனுக்கு ஏன் புதுப் பல் கட்டுவான் என்று ஓரிடத்தில் முகத்துக்கு நேரே கேட்டார்களாம்.

"உங்க ஊர் ஓட்டுப் போட்டு வேணாம்னுட்டா டீமையே கலைச்சிடுவாங்க அங்கிள். வேலை போச்சுன்னா விசாவும் போச்சு. நான் எங்கயாவது பொழைச்சுக்குவேன். பாப்பாதான்... அவ பேச ஆரம்பிச்சதே இங்கதான். கோயம்புத்தூர்ல எங்கம்மா போன்ல தமிழ்ல கேட்டா, இவ டேனிஷ்ல பதில் சொல்றா. திரும்பவும் முதல்ல இருந்து ஆரம்பிக்கணும்."

"நீர் என்ன சொல்லுறீர் பிள்ளை?" என்று என் மனைவி அவருடைய மனைவியைக் கேட்டாள்.

"எனக்கு எதுவா இருந்தாலும் சரிங்க ஆன்ட்டி," என்றார் அவர். "தெரிஞ்சா போதும்."

புரட்டாதியில் பொதுக்கூட்டம். அதற்கு முன் எங்கள் ஊரிலுள்ள தமிழ் வீடுகளுக்கு ஒருதரம் போய் வரலாம் என்று கிளம்பினேன். அதிகம் வீடுகளில்லை. ஆனால் ஊர்க்கூட்டம் ஒன்றில் ஒரு வாக்கும் வாக்குத்தான். எல்லோரும், "நீங்கள் சொன்னால் சரி அண்ணை," என்றார்கள். அதை நான் நம்பவில்லை. நான் சொன்னால் சரி என்கிறவர்கள் கூட்டத்துக்கு வருவதில்லை.

ஸ்கீவ அண்ணை மட்டும்தான் நேர்மையாக எதிர்த்தார். அவர் எங்கள் ஊருக்கு வந்தே கனகாலம். ஆனால் அகதியாக வந்தபோது முதலில் கொண்டுபோய் விட்ட ஊர் ஸ்கீவ என்பதால் அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. இறைச்சித் தொழிற்சாலையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். நான் நிர்வாகசபையில் இருப்பதால் நிர்வாகசபை எதைச் சொன்னாலும் எதிர்ப்பது என்று ஒரு நியதி வைத்திருந்தார்.

"ஐசே, குண்டுக்குப் பயந்து ஓடி வந்த சனம் நாங்கள். கடைசிக் காலத்தில பின்வளவுக்க ஐதரசன் குண்டோ?"

"குண்டில்லை அண்ணை. வாயு. அதுவும் உண்டாக்கிற கையோட எரிச்சுப்போடுவினம், சேர்த்து வைக்கிறதில்லை."

"முந்தியும் அப்பிடித்தான் சொன்னவங்கள், சத்தம் மட்டும்தான் எண்டு."

"இது வேற அலுவல் அண்ணை."

"சரி, குண்டை விடும். எரிக்கிறதை நிப்பாட்டினால் பிடிக்கவேண்டிய தேவையே இல்லைத்தானே? திருட வாறவனை வாசலில பிடிக்க ஒரு மிசின் வாங்கிறதோ, கதவைப் பூட்டிறதோ?"

இதைப் பொறியியலாளரிடம் போனில் கேட்டேன். அவரிடம் பதில் இருந்தது: கதவைப் பூட்டும்வரைக்கும் வாசலில் ஆள் நிற்க வேண்டும். இதை ஸ்கீவ அண்ணையிடம் திரும்பக் கொண்டுபோய்ச் சொன்னேன். "அப்ப அந்தப் பெடியனை வாசலில நிக்கச் சொல்லும்," என்றார்.

பொறியியலாளர் அந்தக் கோடை முழுவதும் டேனிஷ் மொழியில் ஓர் உரையைப் பாடமாக்கினார். கம்பனி அவரைப் பேசச் சொன்னது. ஆங்கிலம் பேசினால் விவசாயிகள் சந்தேகப்படுவார்கள் என்பது அவர்கள் எண்ணம். மொழி வகுப்பு ஆசிரியை திருத்திக் கொடுத்தார். பஸ்ஸில் போகும்போது உதடு அசைத்துப் பழகியதில் பக்கத்தில் இருந்தவர்கள் இடம் மாறினார்களாம். எனக்குக் கொஞ்சம் சொல்லிக்காட்டச் சொன்னேன். "அன்னைக்கே கேளுங்க அங்கிள்," என்று மறுத்துவிட்டார்.

புரட்டாதி மாதம், ஒரு வியாழக்கிழமை. பாடசாலையின் உடற்பயிற்சி மண்டபத்தில் கதிரைகள் அடுக்கியாயிற்று. முன்மேசையில் நிர்வாகசபை. பின்சுவரோரம் கோப்பிப் போத்தல்களும், துணி மூடிய கேக் தட்டுகளும். அந்தத் துணியைப் பார்த்தபடிதான் எங்கள் ஊர் சனநாயகம் இயங்குகிறது. என் மனைவி இரண்டாம் வரிசையில் பொறியியலாளருக்குப் பக்கத்தில் இருந்தாள். அவர் புதுக் கோட்டுப் போட்டிருந்தார். அவருடைய மனைவி மகளோடு ஹேர்னிங்கில், வீட்டில். தமிழ் வீடுகளில் பாதி வந்திருந்தது. ஸ்கீவ அண்ணை கடைசி வரிசையில், கதவுக்குப் பக்கத்தில்.

முதலில் வெப்பப் பம்பு விற்கிற ஒருவர் பேசினார். அவருடைய பொருள் நல்ல பொருள். நான் அதைப்பற்றி வாசித்திருக்கிறேன். ஆனால் அவர் தன் பம்பின் ஒவ்வொரு ஆணியையும் திரையில் காட்டினார். கேள்வி கேட்டவர்களுக்கு, "மிக நல்ல கேள்வி," என்று சொல்லிவிட்டுப் பழையபடி முதலாம் படத்திலிருந்து தொடங்கினார். மண்டபத்தில் இருமல் கூடியது. பின்வரிசையில் யாரோ கோப்பிப் போத்தலைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டு மூடினார்.

அடுத்தது எங்கள் விடயம். நான் நிர்வாகசபையின் சார்பில் திட்டத்தைச் சுருக்கமாக வாசித்தேன். தலைவர் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு இரண்டாம் வரிசையைப் பார்த்தார்.

"வாக்கெடுப்புக்கு முன் பொறியியலாளர் ஏதாவது சொல்ல விரும்புகிறாரா?"

பொறியியலாளர் எழுந்தார். கையை நெஞ்சில் வைத்தார். தலையைப் பணிவாகச் சாய்த்தார்.

"நை, டக்," என்றார். வேண்டாம், நன்றி. "நிர்வாகசபை எல்லாவற்றையும் அழகாகச் சொல்லிவிட்டது."

சொல்லிவிட்டு இருந்தார். முழுதாக இருக்கவில்லை. கதிரையின் நுனியில், எந்த நேரமும் எழும்பத் தயாராக.

என்ன நடந்தது என்று எனக்கு உடனே விளங்கியது. என் மனைவிக்கும் விளங்கியது. அவளுடைய முகத்தில் பதற்றமே இல்லை. அவளும் அவரைப்போலக் காத்திருந்தாள். எங்கள் ஆட்களிடம் முதல் 'வேண்டாம்' கணக்கில் சேராது. தேத்தண்ணி குடிக்கிறீர்களா என்று கேட்டால் வேண்டாம். இல்லை, கொஞ்சம் குடியுங்கோ என்றால் சரி, கொஞ்சம். மேடைக்குக் கூப்பிட்டாலும் அதேதான். கூப்பிட்டவுடனே ஓடிவந்து ஒலிவாங்கியைப் பிடிக்கிறவன் பண்பில்லாதவன். டேனிஷ்காரர்களுக்கோ வேண்டாம் என்றால் வேண்டாம்தான். இந்த நாட்டுக்கு வந்த முதல் வருஷம் எங்களில் பலர் விருந்துக்குப் போய்ப் பசியோடு வீடு திரும்பியது இதனால்தான். நாங்கள் அதைப் பட்டுத் தெளிந்தவர்கள், என் மனைவி சாப்பாட்டு மேசையளவில் மட்டும். பொறியியலாளர் வந்து அவ்வளவு காலமாகவில்லை. வேலைத்தலத்தில் இயந்திரங்களோடும் இந்தியர்களோடும் இருந்தவருக்கு அந்தப் பசி வாய்க்கவில்லை.

"நல்லது," என்றார் தலைவர். முகம் மலர்ந்துவிட்டது. "அப்படியானால் வாக்கெடுப்பு."

நான் அவர் பக்கம் சாய்ந்து மெதுவாகச் சொன்னேன்: "அவரை இன்னொருதரம் கேட்க வேண்டும்."

"ஏன்? வேண்டாம் என்றாரே."

"அது உண்மையான வேண்டாம் இல்லை."

"உங்களிடம் எத்தனை வகை வேண்டாம் இருக்கிறது?"

"இரண்டு."

"ஆம் என்பதிலும் இரண்டு வகை இருந்தால் எனக்கு இன்றைக்கே சொல்லிவிடுங்கள்," என்றார் தலைவர். "வாக்கெண்ண வேண்டியவன் நான்."

பக்கத்திலிருந்த பொருளாளர் வாயைப் பொத்திக்கொண்டார். ஒரு மனிதன் வேண்டாம் என்று சொன்ன பிறகு அவனை வற்புறுத்துவது எங்கள் ஊரில் கிட்டத்தட்டக் குற்றம். தலைவர் ஒரு மரியாதையான ஆள். மரியாதை காரணமாகவே அவர் பொறியியலாளரைத் திரும்பக் கேட்கவில்லை. மரியாதை காரணமாகவே பொறியியலாளர் பேசவில்லை. இரண்டு மரியாதைகளுக்கு நடுவில் ஒரு குடும்பத்தின் விசா கிடந்தது.

பொறியியலாளரைப் பார்த்தேன். அவருக்கு மெல்ல மெல்ல உறைத்துக்கொண்டு வந்தது. கதிரை நுனியிலிருந்து பின்னுக்குச் சாய்ந்தார். கோட்டின் உட்பைக்குள் கையை விட்டு எதையோ தொட்டுப் பார்த்துவிட்டு எடுத்தார். கை வெறுங்கையாகத்தான் வந்தது.

அப்போது நடுவரிசையில் ஒரு விவசாயி எழும்பாமலே கேட்டார்: "இது சரிவரவில்லை என்றால் என்ன நடக்கும்?"

"கம்பனி இயந்திரத்தைக் கழற்றிக்கொண்டு போய்விடும்," என்றேன். "எங்கள் கொதிகலன் இருந்த இடத்திலேயே இருக்கும். வீடுகளுக்குச் சூடு நிற்காது."

"அந்தப் பையனுக்குச் சொல்ல ஒன்றுமில்லையா?"

"இல்லையாம்," என்றார் தலைவர்.

"அப்படியென்றால் அவனிடம் விற்கவும் ஒன்றுமில்லை," என்றார் விவசாயி. "எனக்கு அந்த மாதிரி ஆளைப் பிடிக்கும்."

மண்டபம் சிரித்தது. பம்பு விற்க வந்தவரும் சிரித்தார், கொஞ்சம் பிந்தி.

எங்கள் தலைவர் எதிர்ப்பவர்களைத்தான் முதலில் கேட்பார். கெட்ட செய்தி முன்னால் வந்துவிட்டால் கோப்பி நன்றாக இறங்கும் என்பது அவர் கொள்கை. கைகள் எழும்பின. நான் எதிர்பார்த்ததைவிட அதிகம். கடைசி வரிசையில் ஸ்கீவ அண்ணையின் கை தோள்மட்டம்வரை வந்துவிட்டது. அதே நேரம் அவருக்கு முன்வரிசையில் இன்னொரு கை உயர்ந்தது. அது அவருடைய பக்கத்து வீட்டுக்காரரின் கை. அண்ணை வீட்டுப் பொரியல் மணம் வேலி தாண்டுகிறது என்று கொம்யூன் என்கிற நகரசபைக்கு ஒவ்வொரு கோடையும் முறைப்பாடு செய்கிற மனிதர். அண்ணையின் கை தோள்மட்டத்தில் நின்றது. பிறகு தலையைத் தடவிக்கொண்டு கீழே போனது.

ஆதரிப்பவர்கள் என்று கேட்டதும் மண்டபத்திலேயே முதலாவதாக உயர்ந்த கை அவருடையது.

தலைவர் எண்ணினார். பொருளாளர் எண்ணினார். நெருக்கமாகத்தான் இருந்தது, ஆனால் நிறைவேறிவிட்டது. துணியை எடுத்தார்கள். சனம் கேக்கை நோக்கி நகர்ந்தது.

"ஐசே, ஒண்டும் நினையாதையும்," என்று என்னைக் கடந்து போகும்போது ஸ்கீவ அண்ணை சொன்னார். "அந்தாளோட ஒரு பக்கமாக நான் எந்தக் காலத்திலயும் கை தூக்கினதில்லை. இந்த வயதில என்னத்துக்குப் பழக்கத்தை மாத்துவான்?"

திட்டம் எதனால் நிறைவேறியது என்று உறுதியாக எழுத என்னால் முடியாது. இயந்திரத்தைத் திருப்பிக் கொடுக்கலாம் என்பதாலா, பம்புக்காரர் அதிகம் பேசியதாலா, பொறியியலாளர் பேசாததாலா, பக்கத்து வீட்டு மூக்காலா? வரலாற்றுப் புத்தகங்கள் இந்த இடத்தில் ஒரே காரணத்தைச் சொல்லிவிட்டு அடுத்த அத்தியாயத்துக்குப் போய்விடும். அந்த வசதி எனக்கில்லை. நான் அந்த மண்டபத்தில் இருந்தவன்.

இயந்திரம் அடுத்த வைகாசியில் லொறியில் வந்தது. இப்போது ஓடுகிறது, சில கிழமைகள் நிற்கிறது. தான் உண்டாக்கும் சக்தியில் ஒரு பங்கைத் தானே எடுத்துக்கொள்வதால் தலைவர் அதைத் தன் பாலைத் தானே குடிக்கிற மாடு என்கிறார். பிடித்த காபனீரொட்சைட்டு தாங்கிக்குள் இருந்தபடி கப்பலுக்குக் காத்திருக்கிறது. ஆனாலும் அந்த மாட்டைப் பார்க்க வெளியூர்களிலிருந்து ஆட்கள் வரும்போது தலைவர் தொப்பியை மாற்றிக்கொண்டு முன்னால் போகிறார்.

கூட்டம் முடிந்த அன்றைக்குத் திரும்புகிறேன். பொறியியலாளர் பஸ்ஸில் வந்திருந்ததால் நாங்கள்தான் அவரைக் காரில் ஹேர்னிங்குக்குக் கொண்டுபோய் விட்டோம். ஊரெல்லை தாண்டினோம். பிறகு என் மனைவி பின்னுக்குத் திரும்பினாள்.

"ஏன் தம்பி வேண்டாம் எண்டனீர்?"

"ரெண்டாவது தடவை கேப்பாங்கன்னு நெனச்சேன் ஆன்ட்டி."

"நானும் அப்பிடித்தான் நினைச்சனான்."

"எங்க காலேஜ்ல சீஃப் கெஸ்ட்டைக் கூப்பிட்டா மூணு தடவை இழுக்கணும். இங்க ஒரே தடவைல விட்டுட்டாங்க." வெளியே அறுவடை முடிந்த வயல்களைப் பார்த்தார். "ஜெயிச்சுட்டோம், தெரியுது. சந்தோஷமா இருக்கணும், அதுவும் தெரியுது. ஆனா மூணு மாசமா மனப்பாடம் பண்ணினது இங்கயே நிக்குது அங்கிள்." தொண்டையைத் தொட்டுக் காட்டினார்.

"அப்ப சொல்லும்," என்றாள் என் மனைவி. "நாங்கள் கேட்டுக்கொண்டு வாறம்."

"இல்ல, வேணாங்க ஆன்ட்டி."

"சும்மா சொல்லும் தம்பி."

அவர் உட்பையிலிருந்து தாளை எடுத்தார்; ஆனால் விரிக்கவில்லை. கோட்டுப் பொத்தானைப் பூட்டிக்கொண்டு நிமிர்ந்து இருந்தார். மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, ஊரவர்களே என்று டேனிஷில் தொடங்கினார். உச்சரிப்பு கோயம்புத்தூரிலிருந்து புறப்பட்டு ஹேர்னிங்குக்குப் பக்கத்தில் எங்கேயோ இறங்கியது. ஆனால் எல்லாம் விளங்கியது. தான் வளர்ந்த ஊரில் வீட்டைச் சூடாக்கக் கம்பனி வைத்தால் பட்டினிதான், அங்கே சூரியன் அதை இலவசமாகச் செய்கிறது என்றார். அந்த இடத்தில் சிரிப்புக்காக நிறுத்தினார். என் மனைவி சரியான நேரத்தில் சிரித்தாள். உற்சாகமாகிக் கையை வீசி, கலம், நீராவி, ஐதரசன், கடலின் அடி என்று எங்கும் தடக்காமல் போனார். ஒரு சிவப்பு விளக்கில் நிற்க வேண்டியிருந்தபோது, பக்கத்துக் காரிலிருந்த பெண் எங்களைப் பார்த்தாள். அவர் நிறுத்தவில்லை.

அவருடைய வீட்டு வாசலில் காரை நிறுத்திய பிறகும் உரை முடியவில்லை. முடியட்டும் என்று நான் கதவைத் திறக்காமல் இருந்தேன். வாசல் விளக்கு எரிந்தது. அவருடைய மனைவி கதவைத் திறந்து, மேற்சட்டையைப் போர்த்தியபடி நின்றார். கார்க் கண்ணாடிக்குள்ளால் கணவரின் முகமும் கைகளும் தெரிந்திருக்க வேண்டும். அவர் படியில் இறங்கவில்லை. கதவுநிலையைப் பிடித்துக்கொண்டார்.

உங்கள் கேள்விகளுக்கு நன்றி என்று எங்களுக்குச் சொல்லிவிட்டுப் பொறியியலாளர் இறங்கினார்.

"போச்சா?" என்று கேட்டார் மனைவி.

"இல்லம்மா. பாஸ் ஆயிடுச்சு."

"பின்ன எதுக்குக் கார்ல உக்காந்து அழுதுட்டிருந்தீங்க?"

"அழலம்மா. பேசிட்டிருந்தேன்."

அவருடைய மனைவி எங்கள் இருவரையும் பார்த்தார். நாங்கள் தலையாட்டினோம். அவர் சிரிக்கவுமில்லை, கண்கலங்கவுமில்லை. கதவுநிலையை விட்டார்.

"கிண்டர்கார்டன்ல பாப்பாவுக்குக் குளிர் உடுப்புக் கேட்டுட்டே இருக்காங்க," என்றார். "போன வருஷத்துது கையெல்லாம் ஏறிப் போச்சு. இருப்போமா மாட்டோமான்னு தெரியாம வாங்காம இருந்தேன். நாளைக்கே வாங்கிடறேன். ரெண்டு குளிருக்கு வர்ற மாதிரி, பெருசா."

"கை நீளமெண்டால் மடிச்சு விடலாம் பிள்ளை," என்றாள் என் மனைவி.

"ஆமாங்க ஆன்ட்டி. மடிச்சு விட்டுக்கலாம்." மகள் தூங்கிவிட்டாளா என்று பார்க்க வேண்டும், விழித்திருந்தால் கையை அளந்துவிடலாம் என்று சொல்லிக்கொண்டு விறுவிறென்று உள்ளே போனார். கணவரும் பின்னால் போனார். கதவு எங்கள் முன்னால் அரைவாசி திறந்தபடி நின்றது. எங்களை உள்ளே வரச் சொல்ல இருவரும் மறந்துவிட்டார்கள்; ஒருதரம்கூடக் கேட்கவில்லை.

"வாங்கோப்பா, போவம்," என்றாள் மனைவி.